அண்ணன் இழுத்துப்போன வீடு

அண்ணனை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அவருடைய வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் ஒட்டியிருந்த கிரீஸ் கறைதான். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் மேலாளர் வேலை. விடியும் முன்னே பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு ஜொகூர் பாருவுக்குத் திரும்புகிறவர். விடுப்பு கிடைத்தால், அன்றும் அரைநாள் வேலையை முடித்துவிட்டு, உடைகூட மாற்றாமல் ரெங்கம் ஊரிலிருந்த அம்மா வீட்டுக்கு வருவார். வாசலில் நிற்கும் கேரவனைத் தன் ஜீப்பின் பின்னால் மாட்டுவார். கேரவனின் மூக்கு ஜீப்பின் இரும்புக் குமிழில் உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார். வேலை முடிந்தது என்றா, இனிமேல்தான் வேலை என்றா, எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த ஜீப் சொகுசு வண்டி. தோல் இருக்கை, சத்தமே வராத எஞ்சின். சிங்கப்பூர்க் காசு ஆடுகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆனால் படுக்கை, அடுப்பு, குளியலறை என்று ஒரு வீட்டையே சுமக்கும் கேரவனை நம்முடைய சின்னக் கார்கள் அசைக்கக்கூட முடியாது. அதற்காகத்தான் அந்தப் பழைய சொகுசு வண்டியைத் தேடி வாங்கினார். அவருடைய ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. மெர்சிங் கடலோரத்தில் கேரவனை நிறுத்திவிட்டு, அலாரம் வைக்காமல் தூங்க வேண்டும். "வேற ஒண்ணும் வேணாம் லா பாப்பா, தூங்கணும்" என்பார் என்னிடம்.

எங்கள் குடும்பம் ஒரு மனிதனைத் தூங்கவிடுகிற குடும்பமா? அண்ணி அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, தேங்காய், கிரைண்டர் என்று ஏற்றுவார். அவர்கள் பிள்ளைகள் சைக்கிளைக் கொண்டுவருவார்கள். அம்மாவோ முதல் பயணத்திலேயே கேரவனின் முன்பக்க அலமாரியை முருகனுக்கு ஒதுக்கிவிட்டார். சாமி இருக்கும் இடத்தில் கோழியும் கருவாடும் போகலாமா? செருப்புப் பைக்குக்கூட அங்கே அனுமதியில்லை. ஆகவே கனமானது எல்லாம் கேரவனின் வால் பக்கத்துக்குப் போயிற்று.

அண்ணன் சொல்லிப் பார்த்தார். இழுத்துப்போகிற வண்டியில் கனம் சக்கரத்துக்கு முன்பக்கம் இருக்க வேண்டும், பின்னால் கனம் கூடினால் வால் ஆடும், அது ஆடினால் ஜீப்பையும் சேர்த்து ஆட்டிவிடும் என்று. "அப்படின்னா சாமிய எங்க வைக்கறதாம்?" என்றார் அம்மா. ஜீப்பில் வைக்கலாமே என்றேன் நான். "மாட்டுத்தோல் மேலயா?" என்று அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். தான் உட்காருவதற்கே அந்த இருக்கையில் பாத்தேக் கைலியை மடித்து விரித்துக்கொள்கிறவர் அவர். அண்ணன் வழக்கம்போல, "சரிம்மா" என்றார். அந்த வீட்டில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

ஒரு வருடப் பள்ளி விடுமுறையில் மெர்சிங்குக்குப் புறப்பட்டோம். நான் அண்ணன் பக்கத்தில், மற்றவர்கள் ஜீப்பின் பின்னிருக்கையில். கஹாங் தாண்டி, இருபுறமும் செம்பனைத் தோட்டம். ஓர் இறக்கத்தில் ஜீப்பின் பின்பாகத்தை யாரோ பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கேரவன் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று ஏறி வந்தது. பிள்ளைகள் அலறினார்கள். அண்ணன் பிரேக்கை மிதிக்கவில்லை. வேகம் கூட்டும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தார். லாரி ஹாரனோடு எங்களைக் கடந்தது. வேகம் குறைந்து, ஆட்டம் அடங்கி, சாலையோரத்தில் நின்றோம்.

"சாமி முன்னால இருந்ததாலதான் பிழைச்சோம்" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. அண்ணன் இறங்கி, டயரில் சாய்ந்து புல்லில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அண்ணன் அதை வாங்காமல் சொன்னார்: "அம்மா, களைச்சுப் போச்சும்மா. இதுக்கு மேல இழுக்க முடியல."

"கொஞ்ச தூரம்தானேங்க, போயிரலாம்" என்றார் அண்ணி. கேரவனைச் சொல்கிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அம்மா மட்டும் அப்படி நினைக்கவில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கேரவனுக்குள் ஏறி, முருகன் படத்தைச் சேலைத் தலைப்பில் பொதிந்து எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"ஐஸ் பெட்டி, கருவாடு, அரிசி எல்லாத்தையும் முன்னால ஏத்துங்க."

"அலமாக்! சாமி, அத்தை?" என்றார் அண்ணி.

"என் மடியில வருவாரு. எம்புள்ள நேரா ஓட்டட்டும்."

மெர்சிங் போய்ச் சேரும்வரை கேரவன் ஆடவே இல்லை. கடலோரத்தில் அதை நிறுத்தியதும் அண்ணன் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அம்மா கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பந்து கேட்டு வந்த பிள்ளைகளைத் துரத்தினார். சாப்பிட எழுப்பலாமா என்று வந்த அண்ணியிடம், "சோறு ஆறினா சூடு பண்ணிக்கலாம், போம்மா" என்றார். மகன் தானாக எழுந்து வரும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அப்படி ஒரு தாயை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இப்போது அம்மா இல்லை. ஜீப்பும் கேரவனும் யார் கையிலோ. பிள்ளைகள் படிப்பு முடிந்தது, கல்யாணம் முடிந்தது, அண்ணன் வேலை மட்டும் முடியவில்லை. ஓய்வு வயது கடந்தும் ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்கள். இன்றும் விடியும் முன்னே பாலம் தாண்டுகிறார். எனக்கும் பள்ளிக்கூட வேலையில் உடம்பு ஓய்ந்துதான் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரோடு பேச வேண்டும் போல் இருக்கும், கூப்பிடுவேன். அண்ணிதான் எடுப்பார்.

"தூங்குறாங்க பாப்பா. எழுப்பவா?"

"வேணாம் அண்ணி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அண்ணன் குரலைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகின்றன.