சலக்கடுப்போடு ஒரு செத்தவீடு

அண்ணை இறந்த கிழமை எனக்குச் சலக்கடுப்பு. எழுதவே வெட்கமாக இருக்கிறது. துக்கத்தைப் பற்றி எழுதப் போகிறவள் மூத்திரத்தைப் பற்றியும் எழுதவேண்டி வரும் என்று யார் நினைத்தது? ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

அண்ணையும் நானும் சாவகச்சேரிக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணி காலமாகிவிட்டார். அவர்களுடைய மகன்மார் இருவரும் கனடாவில். நான் கலியாணம் கட்டாதவள். காலையில் அவர் வேதப்புத்தகம் வாசிப்பார், நான் தேத்தண்ணி போடுவேன். சீனி கூடிப்போச்சென்று தினமும் ஒரு சின்னச் சண்டை. அதற்குமேல் நான் எதையும் கேட்டதில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை.

பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருப்பது இப்போது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. மருந்தேற்றிப் பெட்டியில் வைத்தார்கள். மகன்மாருக்கு முதலில் விமானச் சீட்டுக் கிடைக்கவில்லை, பிறகு கிடைத்த விமானம் பிந்தியது. அடக்கம் தள்ளிக்கொண்டே போனது. நான் பெட்டியின் தலைமாட்டில் இருந்தேன். மூடும்வரை அந்த இடத்தை விட்டு எழும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவருக்குச் செய்ய எனக்கு வேறென்ன மிச்சம் இருந்தது?

ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. கக்கூஸ் வளவின் பின்பக்கம். அங்கே போவதென்றால் முற்றத்தில் கதிரை போட்டிருக்கும் அத்தனை ஆம்பிளைகளையும் கடக்கவேண்டும். அவர்கள் கதையை நிறுத்திவிட்டு வழி விடுவார்கள். அது இன்னும் மோசம். அதனால் நான் தண்ணீர் குடிக்கவில்லை. எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. பஸ்ஸில் போனாலும் கோயிலுக்குப் போனாலும் செத்தவீட்டுக்குப் போனாலும் குடிக்காமல் இருந்துவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த தேத்தண்ணியையும் சொண்டில் பட வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

எரிவு தொடங்கியபோது அண்ணியின் தங்கை, எனக்கு மச்சாள் முறை, என்னை ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனா. டொக்டர் ஒரு சின்னப் பிள்ளை. சிறுநீரகத்தில், ஈரலில் முந்தி ஏதும் வருத்தம் இருந்ததா என்று கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னா.

"அன்ரி, இது கிருமிக்கு. நோ நிண்டிட்டுது எண்டு நிப்பாட்டக் கூடாது, முழுக்கப் போட்டு முடிக்கவேணும். மற்றக் குளிசை எரிவுக்கு. ரெண்டு நாளுக்குத்தான் தாறன், சாப்பிட்டாப் பிறகு போடுங்கோ. சலம் செம்மஞ்சளாய்ப் போகும், பயப்பிடாதேங்கோ. உடுப்பிலை பட்டால் கறை போகாது. எரிவுக் குளிசை நோவை மறைக்குமே தவிர வருத்தத்தை மாத்தாது. தண்ணி நிறையக் குடியுங்கோ. காய்ச்சல், முதுகு நோ, சத்தியெடுப்பு ஏதும் வந்தால் யோசியாமல் ஆசுபத்திரிக்குப் போங்கோ."

முப்பது வருடம் படிப்பித்தவள் நான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். குளிசைகளை நேரம் தப்பாமல் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன். எரிவு அடங்கியது. வெள்ளைச் சீலையில் செம்மஞ்சள் கறை பட்டு, ஒருத்தி மற்றவளின் காதில் ஏதோ சொன்னதையும் கண்டேன். சொல்லட்டும் என்று கறுப்புச் சீலைக்கு மாறினேன். தண்ணீரை மட்டும் குளிசை இறங்கும் அளவுக்கு ஒரு மிடறோடு நிறுத்திக்கொண்டேன். முற்றம் நிறைய ஆம்பிளைகள் இருந்தார்கள்.

எரிவுக் குளிசை முடிந்தது. மகன்மார் கொழும்பில் இறங்கிவிட்டார்கள், விடிந்தால் அடக்கம் என்றார்கள். எரிவு பழையபடி வந்தது. அதோடு முதுகின் அடியில், நாரியில் ஒரு குத்தல், உடம்பில் நடுக்கம். மச்சாள் கைப்பையைத் திறந்து ஒரு குளிசை அட்டையை எடுத்தா.

"எனக்கு அமெரிக்காவிலையிருந்து கொண்டுவந்து தந்தவை. உங்கடை குளிசை மாதிரித்தான், அங்கை கடையிலையே விக்கினமாம். ரெண்டைப் போட்டிட்டு நாளைக்கு மட்டும் சமாளியுங்கோ மச்சாள்."

அதைக் கையில் வாங்கினேன். எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொல்ல முடியாது. நாளைக்கு மட்டும். அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். பிறகு டொக்டர்ப் பிள்ளை சொன்னது நினைவுக்கு வந்தது. இது மறைக்கும், மாற்றாது. அதுவும் அடுத்தவருக்குத் தந்த குளிசை. திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஓட்டோவைக் கூப்பிடுங்கோ" என்றேன். அந்த நேரத்தில் என்னை நானே வெறுத்தேன்.

ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றினார்கள், ஊசி மருந்து தந்தார்கள். கிருமி சிறுநீரகம்வரை போய்விட்டதாம். "நல்ல காலம் வந்தியள், இன்னும் ஒருநாள் பொறுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து" என்றார் வாட்டு டொக்டர். நல்ல காலமாம். காலையில் ஒரு மணித்தியாலம் விடுங்கோ, அடக்கத்துக்குப் போட்டு வாறன் என்று கெஞ்சிப் பார்த்தேன். காய்ச்சல் நூற்று மூன்றில் நிற்கிறது, விடமுடியாது என்றார். அவர் சொன்னது சரி. அவரோடு சண்டை பிடிக்கக்கூட எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

அடக்கத்தை நேரலையில் பார்த்தேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக இப்போது எல்லாச் செத்தவீட்டிலும் வீடியோ போகிறது. ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ என்று எங்கெங்கோ இருந்து ஆழ்ந்த அனுதாபங்கள் வந்து கீழே ஓடின. வராதவர்கள், வர முடியாதவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். மூன்று கட்டை தூரத்தில் கிடந்த நானும் அவர்களில் ஒருத்தி. தலைமாட்டில் நான் இருந்த கதிரையில் வேறு யாரோ இருந்தார்கள்.

பெட்டியை மூடமுன்னம், வீட்டுக்காரர் வந்து பாருங்கோ என்று போதகர் சொன்னார். மூத்த மகன் குனிந்தான். குனிந்தபடியே நின்றான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் போனில் படம் நின்றுவிட்டது என்று விளங்கியது. திருப்பித் திருப்பி அமத்தினேன். படம் மறுபடி அசைந்தபோது பெட்டி மூடியிருந்தது. நான் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

காய்ச்சல் விட்டு, துண்டு வெட்டி என்னை வீட்டுக்கு அனுப்புகிற அன்று டொக்டர் குளிசைகளை ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். இடையில் நிறுத்தக்கூடாது, தண்ணீர் குடிக்கவேண்டும். எல்லாம் தெரிந்ததுதான். எரிவு இருக்கிறதா என்று கேட்டார். துப்புரவாக, ஒரு துளிகூட இல்லை என்றேன். அது உண்மை.

"வீட்டிலை பாக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?"

"அண்ணை இருக்கிறார்" என்றேன்.

வாய் பழகிய பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் திருத்தவில்லை.