சரிவுத் தரையில் இரண்டு சுற்று

அந்த வாரத்தில் உஸ்தீனியா பாலே வகுப்பின் சுவர்க் கண்ணாடியில் போய் மோதியது அது மூன்றாவது தடவை. நெற்றி இடிபடவில்லை, நல்லவேளை. உள்ளங்கைகள் இரண்டும் பளாரென்று கண்ணாடியில் பதிந்தன. பியானோக்கார அம்மாள் வாசிப்பை நிறுத்தினாள். பதினோரு பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். அடக்கியது நன்றாகவே கேட்டது.

"கண்ணாடிக்கு முத்தம் குடுத்து முடிச்சாச்சா?" என்றாள் ஆசிரியை நினேல் மக்காரவ்னா, நாற்காலியை விட்டு எழாமலே. "துடைச்சிட்டு உன் இடத்துக்குப் போ. ஒத்தக் கால்ல ரெண்டு சுத்து கேட்டேன். நீ ஒண்ணேகால் சுத்திட்டு இப்படி ஓடுறியே, பஸ் பிடிக்கணுமா?"

பிடிக்கத்தான் வேண்டியிருக்கும், இப்படியே போனால். குதிம்கார் பஸ்ஸை.

சொந்த ஊரான குதிம்காரில் உஸ்தீனியா பெரிய ஆள். கலாசார மாளிகை நடன வகுப்பில் முதல் வரிசை, நடு இடம். அங்கே கிடைத்த கைதட்டலை நம்பித்தான் பன்னிரண்டு வயதில் பெர்ம் நகரத்துக்கு வந்து, செப்டம்பரில் பாலே பள்ளியில் நேரே மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள்: மே மாதத் தேர்வு வரை பார்ப்போம், ஐந்துக்கு நாலு மதிப்பெண்ணை ஒட்டி வந்தால் இருக்கலாம், வராவிட்டால் பெட்டியைக் கட்டலாம். இப்போது பிப்ரவரி. வகுப்புக் கூடத்தின் தரையோ, நாடக மேடையைப் போலவே கண்ணாடிப் பக்கமாகச் சரிந்திருந்தது. பத்து வயதிலிருந்து அதில் நின்றவர்களுக்கு அது வெறும் தரை. இவளுக்கு அது சறுக்குமரம்.

இருப்புக் கொள்ளவில்லை பெண்ணுக்கு. சரித்திர வகுப்பில் மேஜைக்கடியில் கால் திரும்பிக்கொண்டே இருந்தது. சூப் குடிக்கும்போது தோள் சுழன்றது. பக்கத்தில் இருந்தவளின் கிண்ணம் கவிழ்ந்தது. மதியம் சாப்பிட்ட வாய் காய்வதற்குள் விடுதியின் இஸ்திரி அறைக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு சுற்றுவாள். அங்கே இரண்டு சுற்று பிரமாதமாக வந்தது! ஒரு நாள் மூன்றுகூட வந்தது. மறுநாள் காலை வகுப்புக்குப் போனால் முன்னைவிட மோசம், மறுபடி கண்ணாடி. என்ன பாவம் செய்தோம் என்று கால்களைப் பார்த்துக் கோபப்பட்டாள். உழைக்க உழைக்கக் கெட்டுப்போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அறைத்தோழி அல்ஃபியா ஒரு நாள் சட்டையை இஸ்திரி போட வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இங்கயா பண்றே? தினமுமா?"

"ஆமா. ஒரு மணி நேரம்."

"அடி மண்டு! இது சமதரைடி. இங்க நேரா நின்னு பழகினா அங்க முன்னாடிதான் சாய்வே. அந்தத் தரையில உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு வச்சுக்கணும்னு முதல் வருஷக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ என்னன்னா காலையில கத்துக்கிறதை மத்தியானம் வந்து அழிச்சிட்டுப் போறே!"

உஸ்தீனியா அப்படியே இஸ்திரி மேஜைமேல் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதம். தினம் ஒரு மணி நேரம். எல்லாம் தனக்குத்தானே வெட்டிக்கொண்ட குழி. அழுகையைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

சரி, சரிந்த தரைக்கு எங்கே போவது? வகுப்பு இல்லாத நேரத்தில் கூடம் பூட்டிக் கிடக்கும். சாவி கைக்கு வரும் ஒரே ஆள், அன்றைக்குத் தண்ணீர் தெளிக்கும் முறைக்காரி. கால் வழுக்காமல் இருக்க, வகுப்புக்கு முன்னால் பூவாளியால் தரை முழுக்க நனைக்க வேண்டும். அதற்கு அரைமணி முன்பே, பனியில், தூக்கம் கலையாமல் வர வேண்டும். எல்லாரும் வெறுத்த வேலை. அதில் இருபது நிமிஷம் மிச்சம் பிடிக்கலாம் என்று உஸ்தீனியா கணக்குப் போட்டாள்.

"உன் முறையை எனக்குக் குடு," என்று ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேட்டாள்.

"சும்மாவா?" என்றாள் முதலாமவள்.

சும்மா இல்லை. அம்மா வாரா வாரம் குதிம்கார் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பும் பொட்டலம் இருந்தது: மேலே உருளைக்கிழங்கு மசியலும் வெண்ணெயும் பூசிய ஷாங்கி பன். வேகவைத்த கோஸ் தின்று நாக்குச் செத்துப்போன பெண்களுக்கு அந்த வாசனை போதும். ஒரு முறைக்கு இரண்டு பன். மார்ச் முழுக்க அந்தக் கூடம் காலையில் அவளுக்கே சொந்தம். தண்ணீரைத் தெளிப்பாள், அது கண்ணாடியைப் பார்த்து ஊர்ந்து போவதைக் கவனிப்பாள், தன் உடம்பை அதற்கு எதிர்ப்பக்கமாக மயிரிழை அளவு சாய்த்து நிறுத்திச் சுற்றுவாள். விழுவாள். மறுபடி. ஒன்றரைச் சுற்று. ஒன்றேமுக்கால். வகுப்பில் கண்ணாடி தப்பித்தது. இரண்டு மட்டும் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் எடை பார்க்கும் நாள் வந்தது. தராசில் ஏறியவர்களில் ஏழு பேர் அரைக் கிலோ கூடியிருந்தார்கள். ஏழு பேர்! நினேல் மக்காரவ்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முள்ளைப் பார்த்தாள்.

"என்ன தின்னீங்க?"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"தேர்வுக்கு ஒரு மாசம் இருக்கு. நான் பாலே சொல்லித்தரேனா, பன்னிக்குட்டி வளர்க்கிறேனா? யாரு?"

உஸ்தீனியா பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் ஏழு பேரும் அவளைக் காட்டிக்கொடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அவளால் தாங்க முடியவில்லை. முன்னால் வந்தாள். பன்னையும் சொன்னாள், பூவாளியையும் சொன்னாள், இஸ்திரி அறையையும் விடவில்லை. கொட்டித் தீர்த்துவிட்டாள்.

நினேல் மக்காரவ்னா எடை எழுதும் நோட்டை மூடினாள். பிறகு, "இனிமே பொட்டலம் வந்தா நேரா சமையல்காரி கைக்குப் போகும். உனக்குத் தண்டனை, தேர்வு வரைக்கும் தினமும் நீதான் தண்ணி தெளிக்கணும். ஒரு நாள் தவறக்கூடாது," என்றாள்.

சிரிப்பை விழுங்கப் போய் அல்ஃபியாவுக்கு இருமல் வந்துவிட்டது. ஆசிரியை தெரிந்துதான் சொன்னாளா, கோபத்தில் சொன்னாளா? அந்த முகத்தைப் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மே மாதத் தேர்வில் கண்ணாடிக்கு முன்னால் தேர்வாளர்கள் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உஸ்தீனியா தன் இடத்தில் போய் நின்றாள். இந்தத் தடவை மோதினால் கண்ணாடியில் இல்லை, தலைமையாசிரியர் மடியில். பியானோ தொடங்கியது. வலப்பக்கம் இரண்டு சுற்று, கச்சிதம். இடப்பக்கம் இரண்டாவது முடியும்போது குதிகால் ஒரு துளி நடுங்கியது. பல்லைக் கடித்து நின்றாள். நின்றுவிட்டாள்!

மாலையில் தாழ்வாரத்தில் மதிப்பெண் படித்தார்கள். அவள் பெயருக்கு நேரே நாலு, பக்கத்தில் ஒரு சின்னக் கழித்தல் குறி. நாலை ஒட்டித்தான், இருக்கலாம். அல்ஃபியா அவளைத் தூக்கிச் சுற்றியதில் இருவரும் சுவரில் இடித்துக்கொண்டார்கள்.

ஜூனில் ஊருக்குப் போனதும் அம்மா பையைக்கூட இறக்கவிடவில்லை. "எங்க, அந்த ரெண்டு சுத்தைக் காட்டு பாப்போம்!"

அடுப்பங்கரை மேஜையை ஓரம் தள்ளினார்கள். உஸ்தீனியா நின்றாள், மூச்சு வாங்கினாள், சுழன்றாள். முதல் சுற்று முடியுமுன்பே யாரோ தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்த மாதிரி மல்லாக்கப் போய் விழுந்தாள்.

"ஐயோ, அடிபட்டுச்சா?"

"இல்லம்மா. இந்தத் தரை சரியில்ல."

அப்பா யெகோருக்குச் சுருக்கென்றது. ஊரில் பாதி வீட்டுக்குத் தரை போட்ட தச்சர் அவர். "நான் போட்ட தரையா? ரசமட்டம் வச்சுப் போட்டதுடி, அது!" என்று உள்ளே போய் ரசமட்டத்தைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தார். குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது.

உஸ்தீனியா அதைப் பார்த்தாள். தவழ்ந்த தரை, முதல் அடி எடுத்து வைத்த தரை. அது கோணவில்லை, அவள்தான் கோணிப்போய் வந்திருக்கிறாள். மதிப்பெண் வந்த நாளில் வராத அழுகை இப்போது பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே எனக்கு இங்க நிக்க வராதுப்பா," என்றாள்.

அப்பா குனிந்து குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பு மேலிருந்த தீப்பெட்டியை எடுத்து ரசமட்டத்தின் ஒரு முனைக்கடியில் செருகினார்.

"இவ்வளவு சாயுமா உங்க தரை?"

உஸ்தீனியா மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்."

இன்னொரு தீப்பெட்டியை எடுத்து அதன்மேல் வைத்தார். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"இதேதான்," என்றாள்.

"கொட்டகையில பலகை கிடக்கு. காலையில பின்பக்கம் போட்டுடலாம்," என்றார் யெகோர். முப்பது வருஷத் தொழிலில் வேண்டுமென்றே அவர் கோணலாகப் போடப்போகும் முதல் தரை அது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அப்போதே அளவெடுக்கக் கிளம்பினார்.