பலமநேர் சாலையில் காட்டுப் பன்றிக் கறி: போகாதீர்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்குக் கவுச்சி கிடையாது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, கடைசியாக ஒருமுறை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பியதுதான் இந்தப் பயணம். பலமநேரைத் தாண்டி ஒரு ஓட்டலில் காட்டு இறைச்சி கிடைக்கிறது என்று யாரோ போட்ட வீடியோவை நான்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அரைமனதாகத்தான் வந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் நான் திட்டப்போகிறவர்களில் நானும் ஒருத்தி.

காட்பாடியில் காலை 7.40க்குப் பேருந்து ஏறி, ஒன்பது மணிக்குள் சித்தூரில் இறங்கினோம். பேருந்து நிலையத்துக்கு வெளியே இட்லி சாப்பிட்டுவிட்டு, நாள் வாடகைக்கு ஒரு கார் பிடித்தோம். டீசல் சேர்த்து 2,800 ரூபாய். ஓட்டுநர் பெயர் முனிரத்தினம். நாற்பது வயதிருக்கும், சாந்திபுரம் பக்கத்து ஆள். எங்களோடு தமிழில் பேசிக்கொண்டே, போன் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார். காணிப்பாக்கம் போகவில்லையா என்று கேட்டார். சாப்பிடப் போகிற இடத்தைச் சொன்னதும் தலையசைத்தார், அவ்வளவுதான்.

சித்தூரிலிருந்து பலமநேர் நாற்பது கிலோமீட்டர். மொகிலி கணவாயில் ஏறும்போது காற்று குளிர்கிறது, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள். பலமநேரில் காய்கறிச் சந்தை, பழைய ஏரி என்று சுற்றிவிட்டு, வி.கோட்டா சாலையில் இன்னும் ஒன்பது கிலோமீட்டர் போனோம். ஓட்டலை அடைந்தபோது மணி 12.30.

ஓட்டல் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அதுவும் விளம்பரம்தான். தகரக் கூரை, பத்து மேசை, வாசலில் பெங்களூர் வண்டிகள் நான்கைந்து. பலகையில் நாட்டுக்கோழி, காடை, ராகி சங்கட்டி (நம் ஊர் கேழ்வரகுக் களிதான்) என்றுதான் இருந்தது. காடை பண்ணையில் வளர்ப்பது, அதில் தப்பில்லை. முதலாளி எங்கள் மேசைக்கு வந்து குனிந்து, அடவி பந்தி இன்றைக்கு இருக்கிறது என்றார். காட்டுப் பன்றி. தட்டு 450 ரூபாய்.

துப்பாக்கிக் குண்டின் ஈயம் கறியில் தங்கியிருக்குமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"துப்பாக்கியே இல்ல சார். கரென்ட்ல புடிச்சது. ஒரு கீறல் கூட இருக்காது, தைரியமா துன்னுங்க" என்றார் முதலாளி.

அதை நான் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். வாசகர்களுக்குப் பயன்படும் என்று. மிளகும் கொத்தமல்லியும் தூக்கலாக இருந்த கறி, சூடான சங்கட்டி. ருசியாக இருந்தது. இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினேன்.

முனிரத்தினம் உள்ளே வரவில்லை. நாம் மட்டும் சாப்பிடுகிறோமே என்று ஒரு தட்டில் சங்கட்டியும் கறியும் வைத்து வெளியே எடுத்துப் போனேன். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். தட்டை வாங்கி, என்ன கறி என்று கேட்டார். நான் சொன்னேன். கரென்டில் பிடித்ததாம், சுத்தமாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் தட்டை வண்டியின் மேல் வைத்தார்.

"என் பொஞ்சாதியும் கரென்ட்லதான் மேடம் செத்தா."

அவர் மனைவி கஸ்தூரி தக்காளி பறிக்கும் கூலி வேலைக்குப் போனவர். இரண்டு வருடத்துக்கு முன்பு, விடியற்காலை ஐந்து மணிக்கு மற்றவர்களுக்கு முன்னால் வரப்பில் நடந்திருக்கிறார். பக்கத்து வேர்க்கடலை நிலத்தைச் சுற்றி, முழங்கால் உயரத்தில் கம்பி கட்டி, மேலே போகும் கரென்ட் லைனில் கொக்கி போட்டு வைத்திருந்தார்கள். பன்றி பயிரை மேயாமல் இருக்க என்று பெயர். ஆனால் விழும் பன்றியை எடுத்துப்போக ஓட்டல்காரர்களின் வண்டி வாரம் தவறாமல் வரும். கறிக்கு விலை வந்தபிறகு, கடலை பிடுங்கிய நிலத்திலும் கம்பி இருந்தது என்றார் முனிரத்தினம். அன்றைக்கு விடிவதற்குள் கொக்கியை எடுக்க மறந்துவிட்டார்கள். நிலத்துக்காரரின் ஆட்கள், காற்றில் அறுந்து விழுந்த லைனைக் கஸ்தூரி மிதித்துவிட்டார் என்று எழுதிய தாளில் முனிரத்தினத்திடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

என் வாயில் மிளகுக் காரம் இன்னும் இருந்தது. அந்தத் தட்டை எடுத்துப்போய் முதலாளியின் மேசைமேல் வைத்தேன். இது எந்த நிலத்துக் கம்பியில் விழுந்தது என்று கேட்டேன். என் குரல் எல்லா மேசைக்கும் கேட்டிருக்கும். ஒருவரும் கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. முதலாளி கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"கம்ப்ளைன்ட் குடுங்க மேடம். துன்னவங்க பேரும் எழுதணும், சேர்த்தே எழுதுங்க" என்று சிரித்தார்.

வண்டியில் என் வீட்டுக்காரர், திரும்பிப் போய்விடலாம் என்றார். அவர் பயம் நியாயம்தான். இந்தக் கறியை விற்பது மட்டுமல்ல, வாங்கித் தின்பதும் சட்டப்படி குற்றம். எனக்கும் பயம் இருந்தது. ஆனால் அந்த ஆள் சிரித்த சிரிப்பை நினைத்தால் மனசு ஆறவில்லை. பக்கத்தில் எங்கே வனத்துறை அலுவலகம் இருக்கிறதோ அங்கே விடுங்கள் என்றேன்.

அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெலுங்கில் எழுதித் தாருங்கள் என்றார். எங்கள் இருவருக்கும் தெலுங்கு எழுத வராது. முனிரத்தினம் காகிதத்தை வாங்கிக்கொண்டார். நான் சொல்லச்சொல்ல எழுதினார்: நாங்கள் தின்றது, கொடுத்த விலை, முதலாளி சொன்ன வார்த்தை எல்லாம். அதன்பிறகும் பேனா நிற்கவில்லை. இன்னொரு பக்கம் முழுக்க எழுதினார். என்னவென்று நான் கேட்கவில்லை. கீழே என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டு, அடைப்புக்குறிக்குள் "கஸ்தூரி புருஷன்" என்று எழுதியதாக, தெருவுக்கு வந்தபிறகு சொன்னார்.

மூன்று வாரம் கழித்து போன் செய்தார். ஓட்டலில் சோதனை போட்டிருக்கிறார்கள். குளிர்பெட்டியில் காடை மட்டும்தான் இருந்ததாம். கடை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மின்சாரத் துறை ஆட்கள் வந்து, அவர் ஊர்ப்பக்கம் வயல்களில் போட்டிருந்த கொக்கிகளை இறக்கியிருக்கிறார்கள். கஸ்தூரியின் சாவைப் பற்றி அவரைக் கூப்பிட்டு மறுபடி விசாரித்திருக்கிறார்கள். வனத்துறையில் என்னையும் கூப்பிட்டார்கள், போனேன், தின்றேன் என்று சொன்னேன். அபராதமோ வழக்கோ எது வந்தாலும் ஏற்கத்தான் வேண்டும்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மொகிலி கணவாய்க்காகவும் ராகி சங்கட்டிக்காகவும் தாராளமாகப் போங்கள். பலமநேர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மெஸ்களில் நாட்டுக்கோழியோடு 180 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பலகையில் இல்லாத ஒன்றை யாராவது குனிந்து காதருகே சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். பனியில் படம் எடுக்கலாம் என்று விடியற்காலையில் முன்பின் தெரியாத வரப்பில் இறங்காதீர்கள். அந்த ஊர் ஆளைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். அதே வரப்பில் அந்நேரம் தக்காளிக் கூடையோடு நடக்கிற பெண்களுக்கு, கேட்டுவிட்டு இறங்க நேரம் இருப்பதில்லை.