நிப்பாட்டிய பந்து

சுனாமிக்கு அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து ரெண்டு மாச லீவில் கூனிமேட்டுக்கு வந்தார். சென்ட், கம்பளி, பேரீச்சம்பழத்தோடு மேஜைமேல் வைத்து ஆடுகிற ஒரு சின்ன ஃபுட்பால் பெட்டியும் கொண்டுவந்தார். ஆளுக்கு மூன்று கம்பி. கம்பியில் கோத்த பிளாஸ்டிக் ஆட்கள். கம்பியைத் திருகினால் அவர்கள் பந்தை உதைப்பார்கள்.

"புள்ளைங்க இல்லாத வூட்டுக்கு இது எதுக்குடா?" என்றார் மாமி. எனக்குச் சுருக்கென்றது.

"நானும் இவளும் ஆடறதுக்கும்மா" என்றார் அவர். அந்த ஒரு பேச்சுக்காகவே எனக்கு அந்தப் பெட்டி பிடித்துப்போனது.

அவர் ஆட்டம் முழுக்க பலம். ஒரே அடியில் பந்து பெட்டியைத் தாண்டி பீரோவுக்கு அடியில் போய்விடும். எனக்குத் தையல் மிஷின் ஓட்டிய கை, வேகம்தான் வரும். கம்பியைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். பந்து எங்கே போகிறது என்று எனக்கே தெரியாது. எதிரில் நின்று ஆடிக்கொண்டே எனக்குக் கோச்சும் அவர்தான்.

"சுத்தாத. பந்த நிப்பாட்டு. நிப்பாட்டி, எடம் பாத்து, அப்புறம் அடி."

"நிப்பாட்டறதுக்குள்ள நீங்க கோல் போட்டுருவீங்க."

"போட மாட்டேன், நிப்பாட்டிப் பாரு."

நிப்பாட்டப் பார்ப்பதற்குள் போட்டுவிடுவார். கல்நெஞ்சக்காரர். விளையாட்டுக்குக்கூட ஒரு கோல் விட்டுக்கொடுத்தது கிடையாது.

எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஊக்குகூட ஒரு மாசம் தாங்காது. கம்பிகளும் சீக்கிரமே துருவேறி இறுகிவிட்டன. இறுகின கம்பிக்குப் பலம்தான் தேவை. அவர் ஜெயித்துக்கொண்டே போனார். நான் மிஷின் எண்ணெயை எடுத்து என் மூன்று கம்பிக்கும் விட்டேன். அன்றைக்கு வேகம் ஜெயித்தது.

"ஏய், உன் பக்கம் மட்டுந்தான் எண்ணெயா?"

"உங்களுக்குத்தான் பலம் இருக்கே!"

மாமி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

லீவு முடியப்போகிற நேரம். திரும்பிப் போகாமல் ஈசிஆர் ரோட்டில் கடை போடலாம் என்று ஒரு பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிடிகொடுக்கவில்லை. கேட்க எனக்குப் பயம். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து சாப்பிட்டு, பெட்டி முன்னால் உட்கார்ந்தோம். விளையாட்டு மாதிரியே சொன்னேன்: "அஞ்சு கோல். நான் ஜெயிச்சா நீங்க போகக் கூடாது."

"சரி" என்று சிரித்தார்.

எனக்கு முதல் கோல் சுலபமாக விழுந்தது, ரெண்டாவதும். நாலுக்கு ரெண்டு என்று நான் முன்னால் வந்தபோதுதான் கவனித்தேன். அவர் அடியில் பலமே இல்லை. பந்து தவழ்ந்து தவழ்ந்து என் ஆட்களிடமே வந்தது. போவதென்று முடிவு பண்ணிவிட்டவருக்குத்தான் இந்த ஆட்டத்தில் தோற்பது இவ்வளவு சுலபம். மனசு ஆறட்டும் என்று எனக்கு ஒரு ஜெயிப்பைக் கொடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறார்.

வந்த பந்தை என் ஆளின் காலடியில் அமுக்கி நிறுத்தினேன். அந்த ரெண்டு மாசத்தில் முதல் தடவையாக அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே நின்றது.

"டிக்கெட் போட்டாச்சா?"

அவர் நிமிரவில்லை. "செவ்வாக்கெழம" என்றார். பந்தைக் காட்டி, "அடி" என்றார்.

"நிப்பாட்டத்தானே சொல்லிக்குடுத்தீங்க" என்று எழுந்து போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை போய்விட்டார். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவர் தலையணையில் அந்த சென்ட் வாசம் போகக்கூடாது என்று உறையைத் துவைக்காமல் வைத்திருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கம்பிகளுக்கு எண்ணெய் விடுவேன். இப்போது அவர் பக்கத்துக்குத்தான் முதலில். அன்றைக்கு நிப்பாட்டிய பந்தை இன்னும் அமுக்கிக்கொண்டிருந்த கம்பியை மட்டும் அசைக்காமல் ஓரத்தில் தொட்டு வைப்பேன்.

அதே வெள்ளிக்கிழமைகளில்தான் போனும் வரும்.

"ப்ராக்டிஸ் பண்றியா?"

"பண்றேங்க."

"யாரோட?"

"உங்களோடதான். நாலுக்கு ரெண்டுல நிக்குது. வந்து ஆடுங்க."