சுற்றிக் காட்டுகிற அக்கா

மெடிக்கல் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் வைஸ் பிரின்சிபால் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு நாலு பாஷை தெரியும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அட்மிஷன் சமயத்தில் காலேஜைப் பார்க்க வரும் குடும்பங்களைச் சுற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். பேச ஆள் இல்லாமல் வாய் துருப்பிடித்துக் கிடந்தவளிடம் போய், பேசுவாயா என்று கேட்கிறார்.

காலேஜ் ஊருக்கு வெளியே, பஸ் திரும்பிப் போகும் இடத்தையும் தாண்டி இருந்தது. எங்கள் வீடு லாலாகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு வொர்க்‌ஷாப்பில் வேலை. மெரிட் சீட் கிடைத்து நான் ஹாஸ்டலுக்கு வந்தபோது, இன்டரில், அதாவது ப்ளஸ் டூவில், என்னோடு படித்த அத்தனை பேரும் இன்ஜினியரிங் போயிருந்தார்கள். ஹைதராபாத்தில் அப்போது கம்ப்யூட்டர் படிக்காத பிள்ளைக்கு ஏதோ குறை என்றே அர்த்தம். போன் செய்தால் ப்ராஜெக்ட், ப்ளேஸ்மென்ட் என்று அவர்களுக்குள் பேசிச் சிரித்துவிட்டு, "நீ எப்ப முடிப்பே? பத்து வருஷமா?" என்று கேட்பார்கள். நானும் சிரிப்பேன். அப்புறம் நான் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். அவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

காலேஜில் காரில் வந்து இறங்குகிறவர்கள் ஒரு கூட்டம், ஒரே ஜில்லாவிலிருந்து வந்தவர்கள் இன்னொரு கூட்டம். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. ஹாஸ்டல் அறையில் கூட இருந்த பெண்ணும் தன் ஊர்க்காரிகளோடு மேல் மாடிக்கு மாறிப் போய்விட்டாள். அவள் கட்டிலில் நான் துணி மடித்து வைத்துக்கொள்வேன். சில நாள் லேபில் "சார், ஸ்லைட் தெரியலை" என்றதைத் தவிர வேறு ஒன்றும் பேசாமலே படுத்திருக்கிறேன். அப்போது அதற்குத் தனிமை என்று பெயர் வைக்கவில்லை. படிப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டேன்.

எனக்கு முன்னால் ஆபீஸ் கிளார்க் ஒருவர்தான் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். வாசலில் மார்பிள், ஏசி லைப்ரரி, ஜெனரேட்டர். ஜெனரேட்டர் முன்னால் அப்பாக்கள் நெடுநேரம் நிற்பார்கள். பிறகு ஆஸ்பத்திரி. அப்பா, அம்மா, மாமா, சாஃப்ட்வேரில் இருக்கும் மாப்பிள்ளை என்று முழுக் குடும்பமும் வார்டுக்குள் நுழைந்து, பந்தியில் இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் விருந்தாளிகள் மாதிரி கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போகும். படிக்கப் போகிற பிள்ளை எல்லாருக்கும் பின்னால் வரும். அதை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

நான் முதல் தடவை அழைத்துப் போனபோது, ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த ஒரு அம்மாள் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு, "கைக்கு ஆரே இத்தே லோகாங்? நக்கோ, பேட்டி" என்றாள். ஏன் இத்தனை பேர் வருகிறார்கள், வேண்டாம் மகளே என்று. எனக்கு வெட்கமாகிவிட்டது. நேரே மேடத்திடம் போய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றேன். எனக்கு முன்கோபம் உண்டு, அன்றைக்கு அது உதவியது.

வார்டுக்குள் குடும்பம் கூடாது. அப்பா அம்மா டீ குடிக்கட்டும், பிள்ளைகள் மட்டும் வரட்டும். நோயாளியிடம் கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும். ஓபி ஹாலில் ஜனங்களோடு ஜனங்களாகக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். ஹாஸ்டல் பாத்ரூமையும் காட்ட வேண்டும். பிள்ளைகள் என்ன கேட்டாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். கடைசி விஷயத்துக்கு மேடம் கொஞ்சம் யோசித்தார், பிறகு சரி என்றார். முடிவில் எல்லாரையும் ஹாஸ்டலுக்கு அழைத்துப்போய் ஒரு அறையையும் காட்டலாம் என்றேன். யார் அறை? என் அறைதான். நான் செய்த ஒவ்வொரு மாற்றமும் நல்லதுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் சுற்று இன்னும் கொஞ்சம் நீண்டது. அவ்வளவு நேரம் என்னோடு ஆட்கள் இருந்தார்கள்.

அந்த சீசனில் ஒரு காலை, ஒரு அப்பா, அம்மா, பெண். ஏதோ மத்திய அரசு டிஃபன்ஸ் ஆபீஸில் வேலை என்று அந்த அப்பா தெலுங்கில் சொன்னார். நானும் தெலுங்கிலேயே வரவேற்றேன். போர்ட்டிகோ படியில் அந்த அம்மா பெண்ணைப் பார்த்து, "ஏட்டி, செருப்பு கடிக்கா?" என்றாள். திருநெல்வேலித் தமிழ்! என் வீட்டுத் தமிழ் ஆற்காட்டுப் பக்கம். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஹைதராபாத் தமிழர்களுக்கு ஒரு பழக்கம். வீட்டில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்லும் பிள்ளைகள்கூட, கடையிலோ பஸ்ஸிலோ ரகசியம் பேச வேண்டுமானால் தமிழுக்கு வந்துவிடுவார்கள். எதிரே நிற்பவருக்குப் புரியாது என்று அப்படி ஒரு நம்பிக்கை. நாங்களும் செகந்திராபாத் ஜவுளிக் கடையில், "இவன் கொள்ளையடிக்கிறான், வா போலாம்" என்று சொல்லி, கடைக்காரரிடம் தமிழிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

நானும் தமிழ்தான் என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறைக்குப் போனதும் சொல்லி அவர்களை அசத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு நகரத்துக்குள் இன்னொரு காலேஜிலும் இடம் கிடைத்திருந்தது. மறுநாளைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அவள் இங்கே சேர்ந்தால் என் அறையிலேயே போடச் சொல்லலாம். மனசு அதற்குள் அந்தக் காலிக் கட்டிலிலிருந்த துணிகளை எடுத்துவிட்டது.

அன்றைக்கு நான் பேசிய பேச்சு! அனாடமி ஹாலில் முதல் நாள் மயங்கி விழுந்தது யார், எந்த புரொபசருக்கு எப்போது கோபம் வரும், மழை பெய்தால் எந்த வராந்தா ஒழுகும், எல்லாம் சொன்னேன். ஓபி ஹாலில் அந்தப் பெண் ஒரு கர்ப்பிணிக்கு எழுந்து இடம் கொடுத்து, அவளோடு பேச்சுக் கொடுத்தாள். வெளியே வந்ததும் அம்மாவிடம், "பிடிச்சிருக்கும்மா" என்று தமிழில் முணுமுணுத்தாள். நான் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

அறைக் கதவைத் திறந்தேன். அப்பா வராந்தாவில் நின்றுகொண்டார், அம்மாவும் பெண்ணும் உள்ளே வந்தார்கள். நான் தமிழில் ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண், ஃபேனைப் பற்றிப் பேசுகிறவள் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"காலேஜ் நல்லாத்தாம்மா இருக்கு. இந்த அக்காவைப் பாத்தாத்தான் பயமா இருக்கு. வாய் ஓயாம பேசுதாங்க. இங்க அவங்ககிட்டப் பேச ஒருத்தரும் இல்ல போல. ரெண்டு வருஷத்துல நானும் இப்படி ஆயிருவேனோ?"

"மெதுவாப் பேசுட்டி."

"அவங்களுக்கு எங்கம்மா தமிழ் புரியப் போவுது?"

ஓங்கி ஒரு அறை விடலாமா என்றுதான் முதலில் வந்தது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. இரண்டு வருஷம் நான் எனக்கே சொல்லிக்கொள்ளாததை, ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிட்டாள்.

அவள் என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டாள். "அக்கா, நிஜமா சொல்லுங்க. இங்கே எனக்கு ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்களா?"

கிடைப்பார்கள், நான் இருக்கிறேனே என்று தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் குடும்பமே வெட்கப்பட்டு, சிரித்து, என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒருவேளை அவள் சேர்ந்துமிருப்பாள். ஆனால் பரிதாபத்துக்காக ஒருத்தி என் அறைக்கு வருவது எனக்கு வேண்டாம். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டவளும் நான்தான்.

"எனக்கு இன்னும் கிடைக்கவில்லை" என்றேன் இங்கிலீஷில். "அந்த இன்னொரு காலேஜில் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

"என் கசின் இருக்கிறாள்."

"அப்படியானால் அங்கே போ."

வாசலில் ஆட்டோ நின்றது. ஏறும்போது அந்த அம்மா கணவரிடம், "பாவம், யாரு பெத்த புள்ளயோ" என்றாள். ஒரு கால் ஆட்டோவிலும் ஒரு கால் தரையிலுமாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெலுங்கு வராதவள், தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷைத் தேடிப்பிடித்து, "யூ... ஈட்டிங்?" என்று கேட்டாள்.

"யெஸ், ஆன்ட்டி" என்றேன். நான் சாப்பிட்டிருக்கவில்லை. எங்கள் காலேஜுக்கு நான் வந்த பிறகு என் முகத்தைப் பார்த்து அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.