வள்ளிமலைல இருக்கறவரு பேரு

ஜன்னலைத் திறந்தா டேனரித் தோல் நாத்தம், சாத்தினா மை நாத்தம். எங்க சர்வே ஆபீஸ்ல மத்தியானமானா ரெண்டுல ஒண்ணைச் சகிச்சுக்கணும். நான் எப்பவுமே திறக்கற கட்சி. அதுக்காகவே தினம் சண்டை...

எண்பதுகளோட ஆரம்பம். பேரணாம்பட்டு பக்கம் போஸ்டிங். நில வரைபடம் போடற வேலை, அதுக்குப் பேரு டிராஃப்ட்ஸ்மேன். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு சார் மேன்?"னு கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க.

அப்பதான் நில ரெக்கார்டு மொத்தத்தையும் ஒரே மாதிரி எழுதணும்னு மேலேருந்து ஆர்டர் வந்துச்சு. அதுவரைக்கும் ஒரு ஊர்ல சென்ட்டு, பக்கத்து ஊர்ல குழி. ஒருத்தரை அப்பா பேரோட எழுதியிருப்பாங்க, இன்னொருத்தரை பட்டப்பேரோட. இனிமே எல்லா ஊருக்கும் அதே கட்டம்தான். பேரு, அப்பா இல்லன்னா புருஷன் பேரு, சர்வே நம்பர், பரப்பு. பட்டப்பேரு கூடவே கூடாது. ஊருக்குள்ள ஒரு ஆளுக்கு எங்கெங்க நிலம் இருந்தாலும் ஒரே பட்டா.

எனக்கு அது அவ்ளோ பிடிச்சிருந்துச்சு! இப்பதான் ஒரு ஒழுங்கு வந்துச்சுன்னு நானே எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டிருந்தேன்.

ஒருநாள் கன்னியம்மான்னு ஒருத்தங்க வந்து நின்னாங்க. புருஷன் செத்துப்போய், மானாவாரிக் கொல்லைல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டுப் பொழைக்கிறவங்க.

"என் கொல்லைல டேனரிக்காரங்க கல்லு நடுறாங்கம்மா. கேட்டா வாங்கிட்டோம்னு சொல்றாங்க. நான் யாருக்கும் விக்கலியே!"

எடுத்துப் பாத்தா... அதே ஊர்ல இன்னொரு கன்னியம்மா. ஊர்க்காரங்க இவங்களை மேட்டு கன்னியம்மா, அவங்களை பள்ளத்து கன்னியம்மான்னுவாங்க. பழைய கணக்குலயும் அப்படித்தான் இருந்துச்சு. புதுசுல பட்டப்பேருக்கு இடமில்லையே. ரெண்டு பேருமே "கன்னியம்மா, கணவர் பெயர் முருகன்". ஒரே பேரு, ஒரே புருஷன் பேரு... அப்ப ஒரே ஆளுதானேன்னு ஒரே பட்டால சேத்துட்டாங்க. பள்ளத்து கன்னியம்மா தன் நிலத்தை டேனரிக்கு வித்தப்போ, பத்திரம் எழுதினவரு பட்டால இருந்த நம்பரெல்லாம் அப்படியே பாத்து எழுதிட்டாரு. கையெழுத்து தெரியாத அந்தம்மாவும் ரேகை வச்சிட்டாங்க.

சரி, ரெண்டு பேருக்கும் எப்படி ஒரே பேர்ல புருஷன்?

எழுதினது எங்க கிளார்க் பஷீர் பாய். தங்கமான மனுஷன். ஊருக்குள்ள போய் விசாரிச்சப்போ ரெண்டு பொம்பளைங்களும் புருஷன் பேரை வாயால சொல்லல. வெவ்வேற நாள்ல, ஆனா ஒரே பதில்தான்: "வள்ளிமலைல இருக்காரே, அவரு பேரு." பாய் முருகன்னு எழுதிட்டாரு! உண்மையில ஒருத்தர் ஆறுமுகம், இன்னொருத்தர் சுப்பிரமணி.

"எனக்கு இன்னாமா தெரியும்? ஒரு சாமிக்கு இவ்ளோ ஜாஸ்தி பேரு வப்பாங்களா?"ன்னு பாவம், தலையில கை வச்சு உக்காந்துட்டாரு.

தாசில்தார் ரெண்டு கன்னியம்மாவையும் கூப்பிட்டு விசாரணை வச்சாரு. வரைபடத்தோட நானும், கணக்கோட பஷீர் பாயும் போயிருந்தோம். அவரு கண்டிப்பா சொல்லிட்டாரு: "சைகை, ஜாடை எல்லாம் எழுத முடியாது. உங்க வாயால பேரைச் சொல்லுங்க."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கறாங்க... கடைசில பள்ளத்து கன்னியம்மா, "சாமி, அவ வூட்டுக்காரரு பேரை நான் சொல்றேன். எங்க வூட்டுக்காரரு பேரை அவ சொல்லட்டும்"னாங்க. ஆபீஸே சிரிச்சிருச்சு. தாசில்தாரும் சிரிச்சாரு. ஆனா ஒத்துக்கல.

எனக்கு வந்துச்சே கோவம்! கொல்லையே கை விட்டுப் போவுது, இதுல இன்னா வெக்கம்? மேட்டு கன்னியம்மா காதுகிட்ட போய், "அவருதான் போய்ட்டாரே, இன்னும் இன்னாக்கா?"ன்னேன்.

"உசுரோட இருந்தப்பவே சொல்லாதவ... போனப்புறம் இன்னாத்துக்கும்மா சொல்லணும்?"

அப்புறம் என்ன நினைச்சாங்களோ, முந்தானையை இழுத்து இடுப்புல சொருகினாங்க. "ஆறுமுகம்!"

மெதுவா சொல்லல. கொல்லைல தூரத்துல நிக்கற ஆளைக் கூப்பிடற மாதிரி, அவ்ளோ சத்தமா. பஷீர் பாய் பேனாவோட அப்படியே நின்னுட்டாரு.

அவங்களைப் பாத்து பள்ளத்து கன்னியம்மாவும் சொல்லிட்டாங்க, பட்டா பிரிஞ்சுது. பத்திரத்தையும் திருத்தி, நட்ட கல்லைப் பிடுங்கிட்டாங்க. விசாரணை முடிஞ்ச அன்னிக்கு வெளிய வந்து வேப்பமரத்தடில உக்காந்த மேட்டு கன்னியம்மா, கன்னத்துல போட்டுக்கிட்டு அழுதாங்க.

"இத்தினி வருசத்துல ஒருவாட்டி கூட அவரைப் பேர் சொல்லி கூப்பிட்டதில்லம்மா. இன்னிக்கு கூப்பிட்டுட்டேன்... வரலியே."

எனக்கு அப்ப அது புரியல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன்.

என் கதை வேற. லவ் மேரேஜ், தோஸ்த் மாதிரி பழக்கம். கிச்சன்லேருந்து வாசல் வரைக்கும் பேர் சொல்லித்தான் கத்துவேன். மாமியார் காதைப் பொத்திப்பாங்க.

எங்க வீட்டுக்காரரு போய் இது முதல் வருஷம். வீட்டுப் பட்டாவை என் பேருக்கு மாத்தணும்னு போன வாரம் இ-சேவை மையம் போனேன். ஏசி ரூம், ஒரு நாத்தமும் இல்ல. எல்லாம் ஸ்க்ரீன்ல கட்டம் கட்டமா... நாங்க அன்னிக்கு ஸ்கேல் வச்சு கோடு போட்ட அதே கட்டம்தான். கூடவே ஆதார் நம்பர் கேக்குது. ரெண்டு கன்னியம்மா இனிமே ஒண்ணாக மாட்டாங்க. நல்ல விஷயம்தான், மனசார சொல்றேன்.

"ஹஸ்பண்ட் நேம் சொல்லுங்க மேடம்"னு கவுன்டர்ல இருந்த பொண்ணு கேட்டுச்சு.

வாயைத் திறந்தேன். வரல. அவரு போனதுலேருந்து அந்தப் பேரை நான் ஒருவாட்டி கூட கூப்பிடலன்னு அப்பதான் உறைச்சுது.

"மேடம்...?"

அவரோட ஆதார் கார்டை எடுத்து அப்படியே நீட்டிட்டேன். அந்தப் பொண்ணு சத்தமா படிச்சு டைப் பண்ணிச்சு. "கரெக்டா மேடம்?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

நீயாவது கூப்பிட்டுப் பாத்துட்ட கன்னியம்மாக்கா... எனக்கு அந்த தைரியம் இன்னும் வரல.