மனுவோடு வைத்த கடிதம்

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு ரப்பர் குழாய். ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும். பழைய பால்டின்னில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் அந்தக் குழாயைச் சுருட்டிப் போட்டு, மச்சாள் விறகடுப்பில் கொதிக்க வைப்பார். அண்ணருக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. அந்தக் குழாயைச் செலுத்தித்தான் எடுக்கவேண்டும். எப்படிச் செலுத்துவது என்று ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி இரண்டு தடவை காட்டிக் கொடுத்ததோடு சரி. இருந்தது அந்த ஒரே குழாய். அது வெடித்துப்போனால் பினாங்கு முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. ரப்பர் விளைகிற நாட்டில் ரப்பர் குழாய்க்குப் பஞ்சம். இப்போது மருந்துக்கடையில் பொட்டலம் பொட்டலமாகத் தொங்குகிறது, ஒரு தடவை பாவித்துவிட்டு எறியச் சொல்கிறார்கள். அதைக் கண்டால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவேன்.

அண்ணர் என் பெரியப்பாவின் மகன். அவருடைய மனைவியை மச்சாள் என்று அழைப்பது எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம். எங்கள் குடும்பத்து ஆண்களுக்குத் தெரிந்ததெல்லாம் அரசாங்க உத்தியோகம்தான். அண்ணரும் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். கையெழுத்து முத்துப்போல இருக்கும். சும்மா இருக்காமல், வெள்ளைக்காரர் நடத்திய தொண்டர் படையிலும் சேர்ந்துகொண்டார். காக்கிக் காற்சட்டை போட்டுக்கொண்டு சனிக்கிழமைகளில் அணிவகுக்கப் போகும்போது மச்சாள் வாசலில் நின்று கேலி செய்வார். ஜப்பான்காரன் முதன்முதலில் குண்டு போட்ட வாரம் அண்ணர் துறைமுகத்தில் காவலுக்கு நின்றார். இரும்புத் துண்டு ஒன்று முதுகில் புகுந்து தண்டுவடத்தை அறுத்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அன்றோடு எல்லாம் முடிந்தது.

வெள்ளைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் தீவை விட்டு ஓடினார்கள் என்பது ஊரறிந்த கதை. ஓடுகிற அவசரத்திலும் படை டாக்டர் ஒருவர் அண்ணரின் கட்டிலருகில் நின்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் கடமையில் காயப்பட்டவர், இவரையும், இவரை வீட்டில் வைத்துப் பராமரிப்பவரையும் ஆதரிப்பது அரசாங்கத்தின் பொறுப்பு என்று அதில் இருந்தது. எந்த அரசாங்கம் என்று அவர் எழுதவில்லை. மச்சாள் அந்தக் கடிதத்தை எண்ணெய்த் தாளில் சுற்றி, இலவம்பஞ்சுத் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்.

சுங்கை பினாங்கில் ஒரு பலகை வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். அந்த வீட்டில் மச்சாள் செய்ததை வேலை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மணிக்கொரு தடவை அண்ணரைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். தவறினால் முதுகு புண்ணாகிவிடும். வாழையிலையில் தேங்காயெண்ணெய் தடவி முதுகுக்குக் கீழே பரப்புவார். தன் கலியாணச் சேலையைத் தவிர மற்ற எல்லாச் சேலைகளையும் கிழித்து ஒற்றியெடுக்கும் துணிகளாக்கிவிட்டார். கழுவுவது, துடைப்பது, மரவள்ளிக்கிழங்கைக் குழைய அவித்து ஊட்டுவது, மறுபடி புரட்டுவது. ஒன்றரை வருடத்தில் அண்ணரின் முதுகில் ஒரு கீறல்கூட விழவில்லை. அண்ணருக்கும் வாய்க்கொழுப்புக் குறையவில்லை. “துரைமார் எல்லாரும் ஓடிட்டினம். நான் ஒருத்தன்தான் காவலை விட்டு அசையாமல் கிடக்கிறன்” என்பார். மச்சாள் சிரித்துக்கொண்டே அவரை மறுபக்கம் புரட்டுவார்.

பிறகு அந்த உத்தரவு வந்தது. உடல் நலமுள்ளவர்கள் எல்லோரும், பெண்கள் உட்பட, அரசாங்கம் காட்டுகிற இடத்தில் வேலை செய்யவேண்டும். செய்யாதவர்களுக்கு அரிசி நிறுத்தப்படும். நான் அப்போது அரிசிப் பங்கீட்டு அலுவலகத்தில் இளம் கிராணி. நிப்பொங்கோ என்கிற ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய் நாலெழுத்துப் படித்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. மச்சாள் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நான் வீட்டில செய்யிறது வேலை இல்லையோ தம்பி? அதை வேலை எண்டு பதிஞ்சு விடச் சொல்லி எழுதும். வேற ஒண்டும் வேண்டாம்.”

நியாயமான வேண்டுகோள். மச்சாள் பகல் முழுக்க வெளியே போனால் அண்ணரைப் புரட்ட ஆளில்லை. புரட்டாவிட்டால் அவர் எத்தனை நாள் இருப்பார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். நான் மனுவை எழுதினேன். ஜப்பானியத்தில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. நன்றாகத்தான் எழுதினேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் நான் யார் வீட்டுப் பிள்ளை? அத்தாட்சி இணைக்காத மனுவை எந்த அதிகாரியும் படிக்கமாட்டார் என்று அப்பா எனக்குப் பாலோடு சேர்த்துப் புகட்டியிருந்தார். படுக்கையில் கிடப்பதற்கு அத்தாட்சி வேண்டுமே. ஆஸ்பத்திரியில் பழைய டாக்டர்கள் இல்லை, பதிவேடுகளும் இல்லை. இருந்தது தலையணைக்குள் இருந்த கடிதம் ஒன்றுதான்.

“அதை எரிச்சுப்போடு எண்டு அப்பவே சொன்னனான்” என்றார் அண்ணர்.

நான் விடவில்லை. அரசாங்கம் மாறினாலும் கச்சேரி அலுவலகம் மாறாது, கோப்பு கோப்புத்தான், காயப்பட்ட சிப்பாயை எந்த ராணுவமும் மதிக்கும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். மச்சாள் கத்தரிக்கோலை எடுத்துத் தலையணையின் தையலை வெட்டினார். எதிரிப் படையின் முத்திரை குத்திய கடிதத்தை, இணைப்பு ஒன்று என்று அழகாகக் குறித்து, என் கையாலேயே ஜப்பானிய அதிகாரியின் மேசையில் வைத்தேன். இந்த முட்டாள்தனத்தை ஒரு மீன்காரனோ கூலிக்காரனோ செய்திருக்கமாட்டான். படித்த கிராணிக்குத்தான் இது கைவரும்.

நாலாம் நாள் காலையில் ராணுவப் போலீஸ்காரர் இருவரும் ஒரு மொழிபெயர்ப்பாளனும் வந்தார்கள். வீட்டைக் காட்ட என்னையும் இழுத்து வந்திருந்தார்கள். மச்சாள் குனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன். அண்ணரால் எழமுடியாது, அதற்காக அவர் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. நடிக்கிறானா என்று பார்க்க ஒருவன் புகைந்துகொண்டிருந்த சிகரெட்டை அவருடைய குதிகாலில் வைத்து அழுத்தினான். அண்ணர் அசையவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. மச்சாளின் தொண்டையிலிருந்துதான் ஒரு சத்தம் வந்தது. அவன் திருப்தியோடு தலையாட்டினான். அந்த அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அத்தாட்சி அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. எதிரிப் படையில் இருந்தவனுக்கு அரிசி கிடையாது. மனைவி திடகாத்திரமாக இருப்பதால் ஜெலுத்தோங்கில் உள்ள கயிற்றுப் பட்டறைக்குப் போகவேண்டும். பங்கீட்டுப் புத்தகத்தில் அண்ணரின் பெயர் இருந்த பக்கம் என் பொறுப்பில் இருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பெரிய கிராணி பக்கத்தில் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம், நல்ல மனிதர்.

“வெட்டு தம்பி. நீ வெட்டலன்னா வேற ஒருத்தன் வெட்டுவான். அப்புறம் உன் பேரையும் சேத்து வெட்டுவான் லா” என்றார்.

வெட்டினேன். கோடு கோணாமல் வெட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கை பழகியபடிதானே ஓடும்.

மச்சாள் விடிந்ததும் அண்ணரை ஒரு பக்கமாகப் படுக்க வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போவார், பொழுது சாயும்போது திரும்புவார். தன் அரிசியில்தான் அவருக்கும் கஞ்சி வைத்தார். மத்தியானத்தில் நான் சைக்கிளில் ஓடிவந்து அண்ணரைப் புரட்டிவிட்டுப் போவேன். என் புரட்டல் மச்சாளின் புரட்டல்போல் இராது. தோலை இழுத்துவிடுவேன், துணி மடிந்திருப்பதைக் கவனிக்கமாட்டேன். அவர் ஒரு தடவைகூட என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குதிகாலில் சுட்ட இடம் ஆறவே இல்லை. முதலில் அது கறுத்தது. பிறகு முதுகில் ஒரு சிவப்புத் தடம் வந்தது, அது குழியாயிற்று, குழிக்குள் எலும்பு தெரிந்தது. தேங்காய் நார் திரித்து வெடித்துப்போன கைகளால் மச்சாள் அந்தக் குழியைக் கழுவுவார். உப்புத் தண்ணீர் அவருடைய கையிலும் எரிந்திருக்கும். நாற்பது நாள் அண்ணர் காய்ச்சலோடு கிடந்தார். நாற்பத்தோராவது நாள் நான் மத்தியானம் போனபோது புரட்டுவதற்கு அவசியம் இருக்கவில்லை. பட்டறைக்கு ஆள் அனுப்பினேன். வேலை முடிகிற மணி அடிக்கும்வரை மச்சாளை வெளியே விடவில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரர் திரும்பி வந்தார்கள். ஓடியதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் படிவங்கள் வந்தன. காயப்பட்டுப் படுக்கையில் கிடந்த தொண்டர் படைக்காரர்களை வீட்டில் வைத்துப் பராமரித்தவர்களுக்கு அரசாங்கம் உதவி வழங்கும் என்று ஒரு படிவம். எனக்கு உயிர் திரும்பிவந்ததுபோல் இருந்தது. கடிதம் போனால் என்ன, அண்ணரோடு காவலுக்கு நின்றவர்கள் இருவர் சாட்சி சொல்ல வந்தார்கள். எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு மச்சாளிடம் போனேன். ஒரு கேள்விதான் பாக்கி. காயப்பட்டவரைக் கடைசிவரை உடனிருந்து பராமரித்தவர் யார்?

“என்ர பேரை எழுதாதையும்” என்றார் மச்சாள்.

“ஏன் மச்சாள்? நீங்கள்தானே எல்லாம் பாத்தனீங்கள்?”

“கடைசிவரை எண்டு கேட்டுக் கிடக்குது. கடைசியில நான் கயிறு திரிச்சுக்கொண்டு நிண்டனான். அவர் தனியத்தான் கிடந்தவர். ஒருத்தரும் இல்லை எண்டு எழுதும்.”

நான் கெஞ்சினேன், காலைப் பிடிக்காத குறை. உத்தரவு போட்டது ஜப்பான்காரன், கடிதத்தை வைத்தது நான், இதில் உங்கள் பிழை என்ன என்று அழுதேன். அதுவரை அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுத்ததில்லை. அவர் என்னை மறுத்தும் பேசவில்லை, தேற்றவும் இல்லை. படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் இல்லை என்று எழுதினேன். அவர் கீழே கையெழுத்திட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பராமரித்தவர் எவரும் இல்லாதபடியால் உதவி வழங்க இடமில்லை என்று அச்சுப்போலத் தட்டெழுதியிருந்தார்கள். நான் வாசித்துக் காட்டினேன். “சரியாத்தானே எழுதியிருக்கினம்” என்றார் மச்சாள். பிறகு, இப்போது கூலிக்காகப் போகிற அதே கயிற்றுப் பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.